முன்வரிசையும் மைதானமும்: நைஸ்மித், பக், தமிழகத்தின் உடற்கல்வி

சென்னை நந்தனத்தில் அடையாற்றின் கரையில் உள்ள ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரி 1920-ல் தொடங்கப்பட்டது. உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காக ஆசியாவில் உருவான முதல் கல்லூரி என்று அது குறிப்பிடப்படுகிறது. அதை நிறுவியவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். பக் பயின்றது அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ பயிற்சிக் கல்லூரியில். அக்கல்லூரியை உலகம் அறியச் செய்தவர் ஜேம்ஸ் நைஸ்மித்.

நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியவராகவே அறியப்படுகிறார். அதற்கு முன் அவர் அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசை ஆட்டக்காரர். அதற்குப் பின் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கல்லூரி ஆசிரியர், பயிற்சியாளர். தமிழகப் பள்ளிகளில் இன்று 'பி.டி. பீரியட்' என்று சொல்லப்படும் வகுப்பின் வேர்களில் ஒன்று அந்த முன்வரிசைவரை செல்கிறது.

முன்வரிசை ஆட்டக்காரர்

அமெரிக்கக் கால்பந்து என்ற பெயர் குழப்பம் தருவது. அது நாம் அறிந்த கால்பந்து அல்ல. ரக்பியிலிருந்து பிரிந்து வளர்ந்த ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரணியின் எல்லைக்கு ஓடவேண்டும். எதிரணி ஓடுபவரைப் பிடித்துத் தரையில் சாய்க்கும். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் இரு அணிகளின் முன்வரிசைகளும் முட்ட நிற்கும் கடாக்களைப்போலக் குனிந்து எதிரெதிரே நிற்கும். நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் இருப்பவருக்குத் தருவார். பின் தன் உடலால் எதிரியைத் தடுத்து வழி உண்டாக்குவார். வெற்றிப்புள்ளி எடுப்பவரின் பெயரே செய்தித்தாளில் வரும். முன்வரிசைக்காரருக்கு அடி மட்டும் மிஞ்சும்.

ஜேம்ஸ் நைஸ்மித் நவம்பர் 6, 1861-ல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆல்மாண்ட் என்ற ஊருக்கு அருகே பிறந்தார். 1870-ல் டைஃபாய்டு காய்ச்சலில் தாயும் தந்தையும் இறந்தனர். தாய்மாமனின் பொறுப்பில் வளர்ந்தார். பள்ளியைப் பாதியில் விட்டு மரம் வெட்டும் முகாம்களில் சில ஆண்டுகள் வேலை செய்தார். பின்னர் பள்ளிக்குத் திரும்பி, மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இறையியல் கற்றுப் போதகராவதே திட்டம்.

மெக்கில்லில் அவர் ஆடத் தொடங்கியது தற்செயலாக. ஒருநாள் பயிற்சியை வேடிக்கை பார்த்து நின்றபோது நடுவரிசை ஆட்டக்காரரின் மூக்கு உடைந்தது. மாற்று ஆள் இல்லை. அணித்தலைவர் கூட்டத்தைப் பார்த்து யாராவது வருகிறீர்களா என்று கேட்டார். நைஸ்மித் கோட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். அதன்பின் அணியை விட்டு விலகவில்லை. உடன் இறையியல் பயின்ற நண்பர்களுக்கு இது பிடிக்கவில்லை. விளையாட்டு அன்று கிறிஸ்தவப் பக்திமான்களிடையே சாத்தானின் கருவி. அவர்கள் ஓர் அறையில் கூடி அவருடைய ஆன்மாவுக்காகப் பிரார்த்தனை செய்தார்கள் என்று நைஸ்மித் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். லாகிராஸ் ஆட்டத்தில் அடிபட்டு இரு கண்களும் கறுத்து வீங்கிய நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறியவர் அவர்.

அவர் போதகர் வேலையை விட்டு விளையாட்டை நோக்கித் திரும்பியதற்கு அவரே சொன்ன காரணம் சிறியது. ஓர் ஆட்டத்தில் முன்வரிசையில் அவருக்கு அடுத்து நின்றவர் பொறுமையிழந்து கெட்டவார்த்தைகளைக் கொட்டினார். உடனே நைஸ்மித்தைப் பார்த்து, நீ பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றார். நைஸ்மித் யாரையும் கண்டித்ததில்லை. ஆனால் தான் அருகே நிற்பதே ஒருவரின் நாக்கைக் கட்டுப்படுத்துகிறது என்றால், பிரசங்க மேடையைவிட மைதானத்தில் அதிகம் செய்யமுடியும் என்று அவருக்குத் தோன்றியது.

1890-ல் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தார். அங்கே அதே ஆண்டு ஏமஸ் அலோன்சோ ஸ்டேக்கும் வந்திருந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நாற்பதாண்டுகள் பயிற்சியாளராக இருந்து அமெரிக்கக் கால்பந்தின் மூதாதையர்களில் ஒருவரானவர். ஸ்டேக் கல்லூரி மாணவர்களைத் திரட்டி ஓர் அணி அமைத்து நைஸ்மித்தை முன்வரிசையின் நடுவே நிறுத்தினார். முரட்டுக் காரியங்களையும் கண்ணியமாகச் செய்பவர் என்பதுதான் ஸ்டேக் சொன்ன காரணமாம். அந்த வரிசையில் நின்றவர்களின் காதுகள் உராய்ந்து நைந்துபோகும். நைஸ்மித் தன் காதுகளைக் காக்கத் தலையைச் சுற்றிக் கட்டும் ஒரு காப்பை உருவாக்கிக்கொண்டார். அமெரிக்கக் கால்பந்தின் தலைக்கவசத்திற்கு அது ஒரு முன்னோடி.

ஓடக்கூடாது என்ற விதி

ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்பயிற்சித் துறையின் தலைவர் லூதர் குலிக். ஹவாய்த் தீவில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒன்று என்ற கருத்தை ஒரு முக்கோணமாக வரைந்து 1891-ல் ஒய்.எம்.சி.ஏவுக்கு அளித்தவர் அவர். இன்றும் ஒய்.எம்.சி.ஏ கட்டடங்களில் காணப்படும் முக்கோணச் சின்னம் அதுதான்.

அவ்வாண்டு குளிர்காலத்தில் வெளியே பனி. பதினெட்டு மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு உள்ளரங்கத்தில் ஜெர்மானியத் தண்டுப் பயிற்சியும் அணிவகுப்பும் செய்து சலித்துக் கலகம் செய்துகொண்டிருந்தது. இரு ஆசிரியர்கள் கைவிட்ட அந்த வகுப்பைக் குலிக் நைஸ்மித்திடம் ஒப்படைத்தார். புதிய உள்ளரங்க ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பதினான்கு நாள் தவணை.

நைஸ்மித் முதலில் தெரிந்த ஆட்டங்களையே அறைக்குள் கொண்டுவந்து பார்த்தார். கால்பந்து சன்னல்களை உடைத்தது. லாகிராஸ் கைகளை உடைத்தது. பிறகுதான் முன்வரிசைக்காரராக யோசித்தார். ஆட்டம் ஏன் முரட்டுத்தனமாகிறது? பிடித்துச் சாய்ப்பதால். ஏன் சாய்க்கவேண்டியிருக்கிறது? பந்தை வைத்திருப்பவர் ஓடுவதால். பந்துடன் ஓடக்கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்தால் சாய்க்கவேண்டிய தேவையே இல்லை. அடிவாங்கும் இடத்தில் நின்றவருக்குத்தான் அடி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தது.

இலக்கு தரையில் இருந்தால் வேகமாக எறிவார்கள். தலைக்குமேல் இருந்தால் வளைத்து எறியவேண்டும். இதற்குச் சிறுவயதில் ஆல்மாண்டில் ஆடிய 'பாறைமேல் வாத்து' என்ற ஆட்டம் உதவியது. பாறைமேல் வைத்த கல்லைத் தள்ளி நின்று எறிந்து வீழ்த்தும் ஆட்டம் அது. நம் ஏழாங்கல்லுக்குத் தூரத்து உறவு. காவலாளி கொண்டுவந்து தந்த இரண்டு பீச் பழக்கூடைகள் மாடிக் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் ஆணியடிக்கப்பட்டன. பதின்மூன்று விதிகள் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டன. டிசம்பர் 21, 1891 அன்று அணிக்கு ஒன்பது பேராக முதல் ஆட்டம் நடந்தது. ஒரே ஒரு கூடை விழுந்தது. அந்த இரண்டு தாள்கள் 2010-ல் நாற்பது லட்சம் டாலருக்குமேல் ஏலம் போயின.

பதினெட்டு பேரில் ஒருவர் இஷிகாவா என்ற ஜப்பானியர். இன்னொருவர் டங்கன் பாட்டன், ஓர் அணியின் தலைவர். அவர் 1894-ல் மிஷனரிப் பணிக்கு இந்தியா வந்தார். கூடைப்பந்து இந்தியாவுக்கு வந்தது அவர் வழியாகவே. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற வில்லியம் மோர்கன் 1895-ல் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏவில் கைப்பந்தை உருவாக்கினார். அக்கல்லூரியில் பயின்றவர்கள் ஆளுக்கொரு நாட்டுக்கு ஒரு பந்துடன் போனார்கள் என்றே சொல்லிவிடலாம்.

தோற்ற பயிற்சியாளர்

நைஸ்மித் 1895-ல் டென்வர் நகருக்குச் சென்று மருத்துவம் படித்தார். 1898-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி ஆசிரியராகவும் பிரார்த்தனைக்கூடப் பொறுப்பாளராகவும் சேர்ந்தார். அங்கே கூடைப்பந்து அணியை உருவாக்கி 1907 வரை அதன் பயிற்சியாளராக இருந்தார். வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. கான்சாஸ் அணியின் நூற்றாண்டு கடந்த வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக உள்ள ஒரே பயிற்சியாளர் அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்தான்.

அவரது மாணவர் ஃபாக் ஆலன் ஒரு கல்லூரியில் பயிற்சியாளர் வேலை கிடைத்தபோது அவரிடம் சொல்ல வந்தார். கூடைப்பந்துக்குப் பயிற்சியெல்லாம் தரமுடியாது, அது வெறுமனே ஆடவேண்டிய ஆட்டம் என்றார் நைஸ்மித். ஆலன் பின்னர் கான்சாஸ் அணிக்கே பயிற்சியாளராகி அமெரிக்கக் கூடைப்பந்தின் பெரும் வெற்றியாளர்களில் ஒருவரானார். நைஸ்மித்தின் அக்கறை மாணவர்களின் உடல் அளவுகளைக் குறித்துவைப்பது, வாள்வீச்சு, ஒழுக்கம் ஆகியவற்றில் இருந்தது. பல ஆட்டங்களில் தன் அணி ஆட, அவரே நடுவராக நின்றிருக்கிறார்.

ஆனால் வெற்றிக்கணக்கில் வராத ஒரு நிகழ்வு அவர் வாழ்வில் உண்டு. 1933-ல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் உடற்கல்வி பயிலக் கான்சாஸ் வந்தார். கூடைப்பந்து அணியில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. நீச்சல்குளத்தில் அவர் இறங்கினால் குளத்து நீரை மாற்றினார்கள். பட்டத்துக்கு நீச்சல் தேவை. நைஸ்மித் அவருக்காக நிர்வாகத்துடன் வாதிட்டார். அணியில் சேர்க்கமுடியாத மாணவருக்குத் தனக்குத் தெரிந்த கூடைப்பந்து அனைத்தையும் சொல்லிக்கொடுத்தார். 1936-ல் பட்டம் பெற்ற மெக்லெண்டன், கறுப்பினக் கல்லூரிகளில் பயிற்சியாளராகி, டென்னசி கல்லூரி அணியை 1957 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசிய வாகையராக்கினார். பயிற்சி தரமுடியாது என்று சொன்னவரின் மிகச்சிறந்த மாணவர்கள் இருவரும் பயிற்சியாளர்கள்.

1936-ல் பெர்லினில் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக் பதக்கப் போட்டியாக ஆடப்பட்டது. சேறான திறந்தவெளிக் களத்தில் மழையில் அமெரிக்காவும் கனடாவும் மோதிய இறுதி ஆட்டம் 19-8 என முடிந்தது. எழுபத்தைந்து வயதை நெருங்கிய நைஸ்மித் பதக்கங்களை வழங்கினார். நவம்பர் 28, 1939-ல் மறைந்தார்.

டிரில் வாத்தியாரின் காலம்

தமிழகத்தில் அப்போது உடற்பயிற்சி என்றால் டிரில். 1882-ன் ஹண்டர் கல்விக்குழு பள்ளிகளில் நாட்டு விளையாட்டுகள், உடற்பயிற்சி, அணிவகுப்பு ஆகியவற்றை ஊக்குவிக்கவேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அவற்றில் செலவு குறைந்தது அணிவகுப்பு. ராணுவத்தில் ஓய்வுபெற்ற ஒருவரைக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொண்டால் போதும். மீசை, பிரம்பு, ஆங்கிலக் கட்டளைகள். 'டிரில் மாஸ்டர்' என்ற சொல் தமிழ்க் கதைகளில் ஒரு வேடிக்கைப் பாத்திரத்தின் பெயராகவே நிலைத்தது. பள்ளிப் படிநிலையில் அவர் கடைசியில் இருந்தார். ஆசிரியர் என்று யாரும் அவரைக் கருதவில்லை.

ஆனால் இங்கே உடற்பயிற்சி மரபே இல்லை என்று பொருளல்ல. தண்டால், பஸ்கி, கர்லா, சிலம்பம், மல்யுத்தம், சடுகுடு எல்லாம் இருந்தன. நாகர்கோவிலைச் சுற்றிய பகுதிகளில் அடிமுறையும் சிலம்பமும் வர்மமும் ஆசான்களால் கற்பிக்கப்பட்டன. அங்கே அடிக்கக் கற்பிப்பவரே எலும்பு முறிந்தால் கட்டும் வைத்தியர். அந்த அறிவு ஆசானிடமிருந்து தேர்ந்தெடுத்த சீடருக்குச் செல்வது. எல்லாக் குழந்தைகளும் வரிசையில் நின்று கற்பது அல்ல.

ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் நவம்பர் 25, 1884-ல் பென்சில்வேனியாவின் லிவர்பூல் என்ற சிற்றூரில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று 1919-ல் இந்தியா வந்தார். அவருக்கு முன்னரே 1908-ல் ஜே.எச். கிரே கல்கத்தாவில் ஒய்.எம்.சி.ஏவின் உடற்பயிற்சி இயக்குநராகப் பணியைத் தொடங்கியிருந்தார். இந்திய ஒய்.எம்.சி.ஏவின் தேசியப் பொதுச்செயலாளராக அன்று இருந்தவர் சேலத்தைச் சேர்ந்த கே.டி. பால். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். இயக்கம் நகரத்து இளைஞர் விடுதியாக நின்றுவிடாமல் கிராமங்களுக்குச் செல்லவேண்டும் என்பது பாலின் நிலைப்பாடு.

பக் சென்னையில் அணி ஒன்றைத் திரட்டிக் கோப்பை வெல்ல முயலவில்லை. அவர் தொடங்கியது ஆசிரியர்களுக்கான பள்ளி. 1920-ல் ஓர் ஓலைக்கொட்டகையில் ஐந்து மாணவர்களுடன் அது ஆரம்பமாயிற்று. ராயப்பேட்டை வழியாக 1930-களின் தொடக்கத்தில் நந்தனத்து நிலத்துக்கு வந்து சேர்ந்தது. உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம், விளையாட்டுகளின் விதிமுறை, கற்பிக்கும் முறை ஆகியவை பாடங்கள். ஒரு பட்டதாரி மைதானத்தில் கால்சட்டையுடன் நின்று சிறுவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுப்பது என்பது அன்றைய சென்னையில் எளிதில் ஏற்கத்தக்க காட்சி அல்ல. கைகால் வேலை செய்பவர் ஒருவர், படித்தவர் வேறொருவர் என்றிருந்த சமூகம் அது. பக் உருவாக்க நினைத்தது இரண்டுமான ஒருவரை.

அவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததை அப்படியே புகுத்தவும் இல்லை. சடுகுடு, கோ-கோ, தண்டால், கர்லா போன்றவை மேலைநாட்டு ஆட்டங்களுடன் சேர்ந்தே அவரது திட்டத்தில் இடம்பெற்றன. ஊருக்கு ஊர் வேறுபட்ட நாட்டு விளையாட்டுகளுக்கு எழுதப்பட்ட பொது விதிகள் தேவைப்பட்டன. பக் தொகுத்த விளையாட்டு விதிகளின் நூல் உடற்கல்வி ஆசிரியர்களின் கைநூலாகத் திகழ்ந்தது. 'வியாயாம்' என்ற உடற்கல்வி இதழும் அவரது முயற்சியில் வெளிவந்தது. நைஸ்மித் பலகையில் குத்திய இரண்டு தாள்களுக்கும் இந்த நூலுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: விதி எழுதப்பட்டுவிட்டால் அறிமுகமற்றவர்களும் சேர்ந்து ஆடமுடியும்.

இங்கேதான் ஒரு இழப்பையும் குறிப்பிடவேண்டும். எழுதப்பட்ட விதிக்குள் சடுகுடு வந்தது, கர்லாக்கட்டை வந்தது. ஆசான் வரவில்லை. அடிமுறையும் வர்மமும் நேர அட்டவணையில் அடங்குபவை அல்ல. சான்றிதழ் பெற்ற ஆசிரியர் வந்த இடத்தில் சான்றிதழ் இல்லாத ஆசானுக்கு இடமில்லை. நாட்டு மரபை மதித்தவர் பக் என்பது உண்மை. அவர் அமைத்த முறை அந்த மரபின் அசைவுகளை எடுத்துக்கொண்டு அதன் குருசீட உறவை வெளியே நிறுத்தியது என்பதும் உண்மை.

மறுபுறம், ஆசானின் களத்தில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்ற கேள்வியும் உண்டு. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததே நவம்பர் 12, 1936-ல்தான். மெக்லெண்டன் கான்சாஸில் பட்டம் பெற்ற அதே ஆண்டு. தொட்டுப் பிடிக்காமல் சடுகுடு ஆடமுடியாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டுக்குள் நிற்கும் பள்ளி மைதானம் அக்காலத்தில் சிறிய விஷயம் அல்ல.

பாரிஸ், 1924

1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு டோராப்ஜி டாட்டாவின் முயற்சியில் ஒரு சிறு இந்தியக் குழு சென்றது. 1924-ல் முறையான தேர்வுப் போட்டிகள் பிப்ரவரியில் டெல்லியில் நடத்தப்பட்டன. பாரிஸ் சென்ற குழுவின் மேலாளராகவும் பயிற்சியாளராகவும் சென்றவர் பக். நீளம் தாண்டுதலில் தலீப் சிங்கும், 110 மீட்டர் தடையோட்டத்தில் கண்ணூரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணனும் பங்கேற்றனர். கண்ணூர் அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபின் பக்கும் ஒய்.எம்.சி.ஏவின் இன்னொரு உடற்கல்வி இயக்குநரான ஏ.ஜி. நோரனும் ஊர் ஊராகச் சென்று மாகாண ஒலிம்பிக் சங்கங்கள் உருவாக உதவினார்கள். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது டாட்டா தலைவர், நோரன் செயலாளர். அடுத்த ஆண்டே ஜி.டி. சோந்தி செயலாளர் பொறுப்பை ஏற்றார். பக்குக்கு அதில் பெரிய பதவி இல்லை. அவர் தன் கல்லூரிக்குத் திரும்பினார். சென்னை அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் இருந்தார்.

தெற்கே

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே மார்த்தாண்டத்தில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏவின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். கோழிவளர்ப்பு, தேனீவளர்ப்பு ஆகியவற்றுக்காக அது பேசப்படுகிறது. மார்த்தாண்டம் தேனின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. ஆனால் ஹாட்ச் வகுத்த திட்டம் ஐந்து கூறுகள் கொண்டது: ஆன்மா, அறிவு, உடல், சமூகம், பொருளியல். குலிக்கின் முக்கோணத்துடன் இரண்டு பக்கங்கள் சேர்ந்த வடிவம் அது. நந்தனத்தில் பக்கும் மார்த்தாண்டத்தில் ஹாட்சும் ஒரே இயக்கத்தின் இரு கைகள்.

நவம்பர் 1, 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபோது அதன் பள்ளிகளும் சென்னை மாநிலத்தின் கல்வி முறைக்குள் வந்தன. தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற கடற்கரை ஊர்கள் கால்பந்தால் அறியப்படுவதற்கு இந்த முறை காரணம் என்று சொல்லமுடியாது. அங்கே மணலும் மாலைநேரமும் பங்குப் போட்டிகளும் அந்த வேலையைச் செய்தன. உள்நாட்டு ஊர்களில் கதை வேறு. ஒரு வலையும் ஒரு பந்தும் இரண்டு கம்பங்களும் வாங்க வசதியுள்ள பள்ளியில் பி.டி. மாஸ்டரே கைப்பந்துக் களத்தைக் கோடிட்டார். மற்ற ஆசிரியர்கள் கணக்குப் பாடத்துக்காக அவருடைய பீரியடைக் கடன்வாங்கித் திருப்பித் தராமலிருப்பதும் அன்றிலிருந்தே நடக்கிறது. டிரில் வாத்தியார் ஆசிரியரானார், ஆனால் ஆசிரியர் அறையின் ஓரத்து நாற்காலியிலிருந்து முழுமையாக எழவில்லை.

பக் ஜூலை 24, 1943-ல் மறைந்தார். நந்தனத்துக் கல்லூரி தொடர்கிறது. அண்மைக்காலத்தில் சென்னைப் புத்தகக் கண்காட்சி நடைபெறும் ஒய்.எம்.சி.ஏ மைதானம் அதே வளாகத்தைச் சேர்ந்தது. புழுதி எழுகிறது என்று வாசகர்கள் ஆண்டுதோறும் குறைப்பட்டுக்கொள்வது அந்த ஓட்டப் பாதைகளின் மண்ணைப் பற்றித்தான்.